எதிர்மரை

முதலில் அய்யாக்குட்டி செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். சாக்கை விரித்து, வண்டிக்கு முன்னால் மல்லாந்து படுத்து, இரண்டு உள்ளங்கால்களையும் முன்சக்கரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, தூளி ஆட்டுவதுபோல மெதுவாக ஆட்டுகிறார். கண் மூடியிருக்கிறது. கடைவாயில் ஒரு துண்டுக் கருப்பட்டி. வண்டிக்குச் சொந்தக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தால் கருப்பட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "செத்த பேசாம இருங்க, கேக்கணும்லா" என்கிறார்.

கையால் ஆட்டிப் பார்த்தால் ஆகாதா என்று யாராவது கேட்டால் அய்யாக்குட்டியின் பதில் தயாராக இருக்கும். "கையி பொய் சொல்லும். தோலு செத்துப்போச்சி. பாதத்துலதான் இன்னும் உசுரு இருக்கு." அது உண்மைதான். அவருடைய அண்ணன்மார் மூவரும் பனையேறிகள். அவர்கள் பாதம் காய்த்துப் பலகைபோல இருக்கும். இவருக்கு உயரம் ஆகாது. பாதி மரத்தில் தலை சுற்றியதால் கீழிறங்கி, அப்படியே நடந்து தூத்துக்குடிக்கு வந்தவர். சக்கரத்தில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் அந்த மெத்தென்ற பாதங்கள் கண்டுபிடித்துவிடும்.

அவருடைய பட்டறை ஒரு காலத்தில் நிலாவாகை இலை மூட்டைகள் கிடந்த கிட்டங்கி. மழை விழுந்தால் சுவரிலிருந்து இன்றும் அந்த வாசம் வரும். ஸ்டீரிங், முன் அச்சு, சக்கரம் ஆகிய மூன்றையும் தவிர வேறெதையும் அவர் தொடுவதில்லை. எஞ்சின் இரைகிறது என்று வருகிறவர்களை எதிர்ப்பக்கத்துப் பட்டறைக்கு அனுப்பிவிடுவார். "எஞ்சின் கெட்டா வண்டி நிக்கும். நின்ன வண்டியால யாரும் சாவல. ஓடுத வண்டி எங்கன போவுதுங்கதுதான் காரியம்." கடற்காற்றின் மேல் அவருக்குத் தீராத பகை. ஆட வேண்டியதை இறுக்கி, இறுக வேண்டியதை ஆட்டிவிட்டுப் போகிற காற்று என்று திட்டுவார். ஆனால் அந்தக் காற்றுதான் வருஷம் முழுவதும் அவருக்கு வேலை கொண்டுவருகிறது என்பதை மனைவி முத்துக்கனி நினைவூட்டினால், "அதச் சொல்லாத ஏளா, அதுக்குத் தெரிஞ்சா கமிசன் கேக்கும்" என்பார்.

தெருவில் போகிற மனிதர்களையும் அவர் சக்கரம் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார். சாயங்காலம் பட்டறை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் நடையாக நோய் சொல்லுவார். "அந்த அம்மா போறாகல்லா, வலப்பக்கம் தேய்மானம். செருப்பு மாத்தினாத் தீராது." வேம்பார் வரை கடற்கரைச் சாலையில் பஸ் விடுகிற கம்பெனியின் மேனேஜர் தளவாய் ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார். "அண்ணாச்சிக்கு இடது கிங் பின் போயிட்டு" என்று, முன்சக்கரம் திரும்புகிற முளையின் பேரைச் சொல்லி, ஒருநாள் அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டார். தளவாய் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்பம் மாத்திக் குடும்வே" என்று பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு உண்டு.

யுத்தம் வந்த பிறகு அய்யாக்குட்டியின் வேலை இரண்டு பங்காகிவிட்டது. சென்னையில் எந்தக் கடையில் கேட்டாலும் பழைய கார்களுக்குச் சாமான் இல்லை. வண்டிகளோ பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஓடியவை. ஆகவே துறைமுகம் கழித்துப் போடுவதை எல்லாம் அவர் வாரிக்கொண்டு வருவார். விசைப்படகின் வெண்கலக் குழல் அவர் கையில் சக்கரத்துக்குள் செருகுகிற புஷ் ஆகும். சரக்கு தூக்கும் கப்பியின் ஊசி கிங் பின் ஆகும். ஒன்றைப் பார்த்தவுடன் அது இன்னொன்றாக என்னவாகும் என்று அவருக்குத் தோன்றிவிடும். அந்தச் சமயத்தில் முகத்தைப் பார்க்க வேண்டும்; பந்தியில் இலை போட்டு முதல் கரண்டி விழுகிற நேரத்து முகம். தண்டல் வீட்டுக் காரில் அவர் சறுக்கியதும் இந்தச் சந்தோஷத்தில்தான்.

தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர். வளன் தண்டல் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் முப்பது வருஷம் தோணி நடத்திக் கரையேறியவர். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு காரை வாங்கிவிட்டார். டிரைவர் வைக்கவில்லை. கடலில் பாய் விரித்தவனுக்குத் தரையில் நாலு சக்கரம் என்ன பெரிய காரியமா என்பது அவர் கேள்வி. வாங்கும்போதே அந்த வண்டியின் ஸ்டீரிங் தளர்ந்திருந்தது. ஸ்டீரிங் சக்கரத்தைக் கால்வட்டம் சுற்றினாலும் முன் டயர் அசையாது. பிறகு எப்போது அசையும் என்றும் சொல்ல முடியாது. தண்டல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிப் பார்த்து, வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தில் தமக்கும் வேலை இருப்பதாக வைத்துக்கொள்வார். மாப்பிள்ளையூரணிப் பக்கம் மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்த களத்துக்குள் புகுந்து நின்ற அன்று ஸ்டீரிங் அடியோடு போய்விட்டது. மாடு பூட்டி இழுத்துவந்து அய்யாக்குட்டியின் பட்டறையில் சேர்த்தார்கள்.

ஸ்டீரிங் பெட்டியைத் திறந்தபோது உள்ளே வெண்கல நட்டு பொடிப்பொடியாகக் கிடந்தது. கார் ஸ்டீரிங்கின் அடியில் ஒரு திருகுக் கம்பி உண்டு. கம்பியைச் சுற்றிச் சுற்றிப் போகும் மரையில் இந்த நட்டு ஏறி இறங்கும். அது ஏறி இறங்குவதால்தான் முன்சக்கரங்கள் திரும்புகின்றன. நட்டும் இல்லை, கம்பியின் மரையும் வழுக்கைத்தலை ஆகிவிட்டது.

அந்த வாரம்தான் முத்துக்குளிப்பைப் பார்வையிடப் போய்க்கொண்டிருந்த பழைய லாஞ்சுப் படகு ஒன்றை உடைத்து, பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தார்கள். அதன் சுக்கானைத் திருப்புகிற திருகுக் கம்பி அய்யாக்குட்டியின் கண்ணில் பட்டது. நல்ல எஃகு. அதன் மேல் இரண்டு வெண்கல நட்டுகள், பொன்னாகப் பளபளத்துக்கொண்டு. லாஞ்சுக் கம்பியில் பாதி மரை வலஞ்சுழியாகவும் மறுபாதி இடஞ்சுழியாகவும் ஓடும். சுற்றினால் இரண்டு நட்டுகளும் ஒன்றையொன்று நெருங்கும், விலகும். கம்பியை நடுவில் அறுத்தார். உப்பு அரிக்காத பாதி எதுவோ அதை எடுத்துக்கொண்டு, மில்லில் லேத்து ஓட்டுகிற தெரிந்தவரிடம் போய் அளவுக்குக் கடைந்து வந்தார். நீளம் பார்த்தார், பருமன் பார்த்தார். மரை எந்தச் சுழி என்று பார்க்கவில்லை. "உத்துப் பாத்தா முகம் தெரியுது, அப்பிடி வெண்கலம்" என்று முத்துக்கனியிடம் அந்த நட்டைக் காட்டி அதில் அவள் மூக்குத்தியைப் பார்க்கச் சொன்னார்.

வேலை முடித்த வண்டியை அவரே கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுப்பது வழக்கம். அந்த மாதம் தண்டலின் பெட்ரோல் ரேஷன் கூப்பன் தீர்ந்துவிட்டது. ஆகவே முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, தண்டலை ஆசனத்தில் உட்காரவைத்து, தாம் கீழே படுத்துப் பாதங்களை டயரில் ஒட்டிக்கொண்டார்.

"வலத்த" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். டயர் வலப்பக்கம் திரும்பியது.

"இடத்த." டயர் இடப்பக்கம் திரும்பியது.

"ஆட்டம் இருக்கா வே?" என்றார் தண்டல்.

"பாறை மாதிரி நிக்கி" என்றார் அய்யாக்குட்டி.

புதுக் கூப்பன் வந்ததும் தண்டல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் ஊர் ஆச்சரியப்பட்டது. வண்டி எந்தக் களத்திலும் புகவில்லை, எந்த வேலியையும் சாய்க்கவில்லை. மாதா கோவில் முன் வாசலில் கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு கூடைக்காரியைக்கூட உரசாமல் தண்டல் திரும்பினார். போகிற இடமெல்லாம் அய்யாக்குட்டி பேர் சொன்னார். தளவாய் காதுக்கும் அது போய், அவர் காலை இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "தண்டலையே நேரா ஓட வச்சிட்டீராம்லா. எங்க பஸ்ஸு ஸ்டீரிங் வேலை பூராவும் இனி உமக்குத்தான். வெள்ளிக்கிழமை முதலாளிகிட்ட கூட்டிட்டுப் போறேன்." முத்துக்கனி அன்றே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள். பஸ் வேலை வந்தால் சொந்தமாக ஒரு லேத்து போடலாம். மில்காரரிடம் போய்ப் பல்லைக் காட்டி நிற்க வேண்டாம். இது அய்யாக்குட்டியின் நெடுநாளைய ஆசை.

புதன்கிழமை தண்டல் ஒரு பெரிய சீலா மீனோடு வந்து காரை வெயிலில் நிறுத்தினார். அவரும் முத்துக்கனியும் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், பூவரசு நிழலுக்கு வண்டியை மாற்றலாம் என்று அய்யாக்குட்டி ஏறி உட்கார்ந்தார். நிழல் வலப்பக்கம் இருந்தது. ஸ்டீரிங்கை வலப்பக்கம் சுற்றினார். வண்டி இடப்பக்கம் போய் ஓலைத் தட்டியில் மூக்கை நுழைத்து நின்றது.

பின்னால் எடுத்து, இன்னொரு முறை வலப்பக்கம் சுற்றிப் பார்த்தார்; மறுபடியும் தட்டிக்குள்தான் போனது. பிறகு இறங்கிப்போய், பெஞ்சுக்கடியில் கிடந்த பழைய கம்பியையும் லாஞ்சுக் கம்பியின் மிச்சப் பாதியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வழுக்கை விழுந்த பழைய மரையில் மிச்சமிருந்த கோடும் இந்தப் பாதியின் கோடும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அப்படியென்றால் அவர் வண்டிக்குள் வைத்தது எதிர்மரை.

"தண்டலய்யா, அன்னைக்கு நான் கீழ படுத்துக்கிட்டு வலத்தன்னு சொன்னேம்லா. நீங்க எந்தப் பக்கம் சுத்துனீங்க?"

தண்டல் கையை நீட்டி இடப்பக்கம் தள்ளிக் காட்டினார். "வலத்த போணும்னா இடத்தத்தான தள்ளணும்? சுக்கான் கட்டைய வேற எப்பிடித் தள்ளுவாக?"

தோணியில் அப்படித்தான். பின்னால் உட்கார்ந்து கட்டையை இடப்பக்கம் தள்ளினால் தோணி வலப்பக்கம் திரும்பும். முப்பது வருஷம் அப்படித் தள்ளிய கை அது. கார் ஸ்டீரிங்கையும் உச்சியில் பிடித்து அப்படியே தள்ளியது. கார் தப்பு, கையும் தப்பு. இரண்டும் சேர்ந்து ஒழுங்காக ஊரைச் சுற்றி வந்திருக்கின்றன.

"மாத்தி மாட்டிட்டேன்" என்றார் அய்யாக்குட்டி. "வண்டிய விட்டுட்டுப் போங்க. வேற கம்பி கடைஞ்சி போடணும்."

"எதுக்கு? இதுக்கு முன்னாலதான் அது தப்பாக் கெடந்துது. இப்பந்தான் சொன்ன சொல்லு கேக்குது."

"உங்க சொல்ல மட்டுந்தான் கேக்கும். வேற யாராவது ஏறினா?"

"வேற யாரு ஏறப் போறா? நாளைக்கு லீவுல வார மருமகன்தான். பிள்ளைய வேம்பாருக்குக் கொண்டுபோய் அவன் அம்மைகிட்ட காட்டணும்னு ஓட்டிட்டுப் போவான். அவன் பட்டாளத்துல லாரி ஓட்டுதவன். நாலடி போறதுக்குள்ள பழகிருவான்."

"அந்த நாலடியில உங்க வீட்டு வாசல்ல வாய்க்கா இருக்கு" என்றார் அய்யாக்குட்டி.

தண்டலுக்கு முகம் சிவந்துவிட்டது. தமக்கு ஓட்டத் தெரியவில்லை என்று இத்தனை நாள் சொன்ன ஊர், இப்போது நன்றாக ஓட்டுவதும் வண்டியின் தப்பினால்தான் என்று சொல்லும் அல்லவா? கொண்டுவந்த மீனைப் பார்த்தார். திருப்பிக் கேட்க முடியாது. வண்டியில் ஏறினார். ஓலைத் தட்டியிலிருந்து லாகவமாக வெளியே எடுத்து, வளைவில் ஒரு குழந்தைக்கு வழி விட்டு, அழகாகத் திரும்பிப் போனார்.

அன்று சாப்பாட்டில் அய்யாக்குட்டி மீனைத் தொடவில்லை. முத்துக்கனி மீன் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்பம் என்ன கெட்டுப்போச்சி? தண்டலு கைக்கு ஏத்தாப்புல வேணும்னே அப்படிப் போட்டேன்னு சொல்லிருங்க. மருமகன்கிட்ட அவுகளே சொல்லிப்பாக. ஊரு உங்களக் கெட்டிக்காரருன்னுதான் சொல்லும். வெள்ளிக்கிழமை வேற வருது."

அவள் சொன்னதில் எந்த ஓட்டையும் இல்லை என்பதுதான் அவருக்குத் தொந்தரவு. வேணுமென்றே செய்தது என்று சொன்னால் மனிதர்கள் நம்புவார்கள், தண்டலும் சந்தோஷப்படுவார். வண்டியை அப்புறம் நிதானமாகச் சரிசெய்யலாம். கருப்பட்டி டப்பாவைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடி வைத்தார்.

மறுநாள் காலையில் ஒரு பெரிய ஸ்பானரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு தண்டல் வீட்டுக்கு நடந்தார். போய்ச் சேர்ந்தபோது மருமகன் காக்கிச் சட்டைக் கையை மடித்துவிட்டு ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் மகள், மடியில் கைக்குழந்தை, காலடியில் பலகாரத் தூக்கு. தண்டல் வாசற்படியில் நின்று, ஸ்டீரிங்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காற்றில் கையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் காட்டுவது புரியாமல் மருமகன் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அய்யாக்குட்டி யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கார்க் கதவைத் திறந்து, "தம்பி, செத்த இறங்குங்க" என்றார். பட்டாளத்து மனிதர், இறங்கு என்றால் இறங்கினார். அய்யாக்குட்டி அந்த ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீரிங்கின் நடுவிலிருந்த மூடியைத் திருகி எடுத்து, உள்ளே இருந்த நட்டில் ஸ்பானரைப் போட்டார்.

"வே, என்ன செய்யுதீரு? என் வாசல்ல வந்து என் வண்டிய..."

"பூட்டுதேன், தண்டலய்யா. இதுக்கு வேற பூட்டு இல்ல."

உள்ளங்கையால் அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். ஸ்டீரிங் சக்கரம் கழன்று மடியில் வந்து விழுந்தது. மகள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். தண்டல் சிரிக்கவில்லை. "பாத்தியா, கரையில நிக்கவன் சுக்கானப் புடுங்கிட்டுப் போறான்" என்று மருமகனிடம் முறையிட்டார்.

"தம்பி, இன்னைக்கு வேம்பாருக்குப் பஸ்ஸுல போயிருங்க" என்றார் அய்யாக்குட்டி. "சனிக்கிழமை வேற கம்பியும் கடைஞ்சி நானே கொண்டாந்து மாட்டித் தாரேன். நீங்க ஓட்டிப் பாத்து நல்லாருக்குன்னா எடுத்துக்கிடுங்க." பிறகு தண்டலிடம் திரும்பி, சற்றுத் தயங்கி, "உங்களுக்கு நான் கத்துத் தாரேன். யாருக்கும் தெரியாண்டாம், உப்பளத்துப் பக்கம் போயிருவோம்" என்றார். தண்டல் உள்ளே போய்விட்டார். ஆனால் கதவை அடைக்கவில்லை.

கருத்த பெரிய வளையம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு குட்டையான ஒரு மனிதர் கடைத்தெரு வழியே போனால் ஊர் சும்மா இருக்குமா? வெற்றிலைக் கடையிலிருந்து, "அண்ணாச்சி, மிச்ச வண்டி பின்னால வருதா?" என்று ஒருவர் கேட்டார். "ஏலே, அதத் தையல் மிசின்ல மாட்டித் தைக்கப் போறாராம்ல" என்றார் தையல்காரர். அய்யாக்குட்டி தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். காப்பிக் கடை வாசலில், பஸ் முதலாளியின் கணக்குப்பிள்ளை, இரண்டு டிரைவர்கள் சூழ, தளவாய் உட்கார்ந்திருந்தார்.

"இங்கன வாரும்வே. தண்டலு வண்டியோடதுல்லா அது? நேத்துகூட அவ்வளவு நல்லா ஓட்டிட்டுப் போனாரே. என்ன செஞ்சுது?"

டிரைவர்கள் இருவரும் டம்ளரை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். கணக்குப்பிள்ளையும் பார்த்தார். முத்துக்கனி சொல்லிக்கொடுத்த பதில் அய்யாக்குட்டியின் நாக்கு நுனியில்தான் இருந்திருக்க வேண்டும். உதடு ஒருமுறை அசைந்து நின்றது.

"அது ஒண்ணும் செய்யல, அண்ணாச்சி. செஞ்சது நான். மரைய மாத்தி மாட்டிட்டேன், கவனிக்கல."

"மாத்தின்னா?"

அய்யாக்குட்டி தோளிலிருந்து ஸ்டீரிங்கை இறக்கி, நெஞ்சுக்கு நேரே இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். எல்லோரும் பார்க்க அதை மெதுவாக இடப்பக்கம் சுற்றினார். சுற்றிக்கொண்டே வலப்பக்கமாக நடந்து, தளவாயின் காப்பி மேசையில் போய் இடித்து நின்றார்.